ஒருமுறை மட்டும் வந்த சொல்: எபிரேய விவிலியத்தில் பொருள் காணும் வழிகளும் 'துக்கி' வழக்கும்

சாமுவேல் முதலாம் நூலின் 13ஆம் அதிகாரம், பெலிஸ்தியர் ஆதிக்கத்தில் இஸ்ரயேலர் பட்ட பாட்டை ஒரு சிறு செய்தியால் உணர்த்துகிறது. நாட்டில் கொல்லர் எவரும் இல்லை. கொழுவையும் மண்வெட்டியையும் கோடரியையும் தீட்டிக்கொள்ள வேண்டுமானால் பகைவரின் பட்டறைக்குத்தான் போக வேண்டும். இதைத் தொடரும் 21ஆம் வசனத்தில் 'பிம்' என்றொரு சொல் வருகிறது. எபிரேய விவிலியத்தில் வேறெங்கும் அது இல்லை. அதற்கு முன்னால் நிற்கும் 'பெட்சிரா' என்பதும் அங்கு மட்டுமே வருவது. 'பே' என்றால் எபிரேயத்தில் வாய். 'பிம்' அதன் பன்மை போலத் தோன்றியதால், 'வாய்கள் உடையது' என்றால் பல் வெட்டிய கருவியாக இருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதை அரம் என்றது. தமிழில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பிலும் அரமே இடம்பெற்றது. கொல்லர் இல்லாவிட்டாலும் அரங்களாவது அவர்களிடம் இருந்தன என்று தலைமுறை தலைமுறையாக வாசகர்கள் புரிந்துகொண்டார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலஸ்தீன அகழாய்வுகளில் சிறு எடைக்கற்கள் கிடைத்தன. மேற்புறம் குவிந்த சுண்ணாம்புக் கற்கள் அவை. சிலவற்றின் மீது மூன்று எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன: பே, யோத், மேம். அதுதான் பிம். நிறுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7.8 கிராம், அதாவது 11.4 கிராம் அளவிலான சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. நாணயம் வழங்காத காலத்தில் வெள்ளியை நிறுத்துக் கொடுப்பதே விலை. ஆகவே அந்த வசனம் தீட்டுக்கூலியைச் சொல்கிறது. இருந்த கருவியைப் பற்றிய ஆறுதலாகப் படிக்கப்பட்டது, வசூலிக்கப்பட்ட தொகையைப் பற்றிய முறையீடு என்று தெரியவந்தது.

ஒரு சொல்லின் பொருள் மாறியதும் ஒரு காலத்தின் பொருளியல் உறவே வேறுவிதமாகத் தெரிகிறது. அருகிய சொற்களின் ஆய்வு அகராதிக்காரர்களின் தனிக் கவலையாக இருக்க முடியாது என்பதற்கு இதுவே சான்று. ஒரு நூலில் ஒரே ஒரு முறை வரும் சொல்லைக் கிரேக்கப் பெயரால் 'ஹேபக்ஸ் லெகோமெனன்' என்பர். இங்கே அதை ஒருமுறைச் சொல் என்று குறிப்பேன். அத்தகைய சொல்லுக்குப் பொருள் சொல்ல நம்மிடம் உள்ள சான்றுகள் எவை? அவற்றுள் எது வலியது, எது மெலியது? இந்தக் கேள்வியைச் சில வழக்குகளின் வழியே ஆராய்ந்து, தமிழோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் 'துக்கி' என்ற சொல்லில் அதைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சிக்கலின் அளவு

எபிரேய விவிலியம் ஏறத்தாழ 3,05,000 சொற்களால் ஆனது. ஒரு மொழியின் ஆயிரம் ஆண்டுகளுக்கு அது பெரிய இருப்பன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த யூதக் கலைக்களஞ்சியத்தின் கணக்குப்படி அதில் ஒருமுறைச் சொற்கள் 1,500 அளவில் உள்ளன. பெரும்பாலானவை தெரிந்த வேர்களிலிருந்து வந்தவை என்பதால் அச்சமில்லை. வேர்த் தொடர்பும் காட்ட முடியாமல் தனித்து நிற்பவை 400 அளவில். எதை வேர்த்தொடர்பு என்று ஏற்பது என்பதைப் பொறுத்து இவ்வெண்ணிக்கை ஆய்வாளருக்கு ஆய்வாளர் மாறும்.

எட்வர்டு உல்லெண்டார்ஃப் 1971இல் எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பே ஒரு கேள்வி: விவிலிய எபிரேயம் ஒரு மொழிதானா? நமக்குக் கிடைத்திருப்பது மொழியின் ஒரு துண்டு என்பது அவர் வாதம். ஆதாமும் ஏவாளும் அத்தியிலைகளைத் தைத்துக்கொண்டார்கள். தைத்தல் என்ற வினை விவிலியத்தில் உண்டு. ஊசிக்கான சொல்லோ கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவின் எபிரேயத்தில்தான் கிடைக்கிறது. ஊசி இல்லாமல் எந்த வீட்டிலும் துணி தைத்திருக்க முடியாது. விவிலிய ஆசிரியர்களுக்கு அதைச் சொல்லும் தேவை நேரவில்லை, அவ்வளவே. பல சொற்கள் மொழியில் அருகியவை அல்ல, நமக்குக் கிடைத்த ஏடுகளில் அருகியவை. பிம் என்பது சந்தையில் நாள்தோறும் புழங்கிய சொல்லாக இருந்திருக்கும்.

எண்ணிக்கை மட்டுமே அளவுகோலும் ஆகாது. ஆசரிப்புக் கூடாரத்தின் மேல்மூடிக்குப் பயன்பட்ட 'தஹாஷ்' தோல் 14 இடங்களில் வருகிறது. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதைத் 'தகசு' என்று ஒலிபெயர்த்து வைத்தார்கள். கடற்பசு, வளைக்கரடி, ஒரு வகை நிறத்தோல், மணி கோத்த வேலைப்பாடு என்று ஊகங்கள் பல. ஏறத்தாழ எல்லா இடங்களும் ஒரே வகைச் சூழலில் வருவதால் 14 வரவுகளும் ஒரு வரவைவிட அதிகப் பயன் தருவதில்லை.

ஒருமுறைச் சொற்கள் நூல்களிடையே சமமாகப் பரவியிருக்கவில்லை. செய்யுளில் அவை மிகுதி. யோபு நூல் முதலிடம் பெறும். பட்டியல்களிலும் மிகுதி. எசாயா 3ஆம் அதிகாரம் எருசலேம் மகளிரின் அணிகலன்களை அடுக்கும்போது, லேவியர் 11ஆம் அதிகாரம் உண்ணத்தகாத பறவைகளை அடுக்கும்போது, வினையோ அடைமொழியோ இல்லாத வெறும் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. பறவைப் பெயர்களின் ஐயம் உணவுச் சட்டத்தையே தொட்டது. விலக்கப்பட்டவை எவை என்று உறுதியாகத் தெரியாத நிலையில், உண்ணலாம் என்று மரபு வழியாக அறியப்பட்ட பறவைகளை மட்டுமே உண்பது யூத வழக்கமாயிற்று. தெரியாததைத் தெரியாததாகவே வைத்துக்கொண்டு வாழ்வதற்கு ஒரு சமூகம் கண்ட வழி அது. அதை நான் மதிக்கிறேன்.

2. பேச்சில் பிழைத்தவை

முதல் வகைச் சான்று வாழும் பேச்சு. மிஷ்னாவின் விரிவுரையான பாபிலோனியத் தல்மூதின் ரோஷ் ஹஷானா பகுதியில் (26ஆ) இதைப் பற்றி ஒரு தொகுப்பு உண்டு. எசாயா 14:23இல் பாபிலோனை அழிவின் ஏதோ ஒன்றால் ஏதோ செய்வதாக இறைவன் சொல்கிறார். அந்த வினையும் பெயரும் அறிஞர்களுக்கு விளங்கவில்லை. மிஷ்னாவைத் தொகுத்த யூதா ஹனாசியின் வீட்டுப் பணிப்பெண் ஒரு நாள் தன் தோழியிடம் வீட்டைப் பெருக்கத் துடைப்பத்தை எடு என்று சொன்னாள். அவள் வாயில் வந்தது அதே சொல். இறைவன் பாபிலோனைப் பெருக்கித் தள்ளுகிறார். அவ்வீட்டுப் பெண்ணின் பேச்சால் தெளிந்ததாக வேறு சொற்களையும் அதே பகுதி பதிவு செய்கிறது. கற்றவர் கூடத்தில் மறந்துபோன சொல் அடுக்களைப் பேச்சில் உயிரோடு இருந்ததை மறைக்காமல் எழுதிவைத்தார்கள் என்பது போற்றத்தக்கது.

அதே இடத்தில் இன்னொரு நிகழ்ச்சி. திருப்பாடல் 55இல் 'யெஹாவ்' என்ற ஒருமுறைச் சொல் வருகிறது. ரப்பா பர் பர் ஹனா என்ற யூத அறிஞர் ஓர் அரபு வணிகரோடு பயணம் செய்கையில் சுமையொன்றைத் தூக்கி வந்தார். உன் யெஹாவை எடுத்து என் ஒட்டகத்தின் மேல் போடு என்றார் அந்த வணிகர். சுமை என்ற பொருள் தெளிந்தது. தமிழ்க் கிறித்தவர் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் வசனங்களுள் ஒன்று இது. பாரத்தைக் கர்த்தர்மேல் வைக்கச் சொல்வது. அந்தப் 'பாரம்' யூத விளக்க மரபின் வழியாக அந்த வணிகரின் பேச்சோடு உறவுடையது. ஆனால் அதற்கு முன்பே கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் இச்சொல்லைக் 'கவலை' என்று பெயர்த்திருந்தார்கள். பேதுருவின் முதல் திருமுகம் (5:7) கிரேக்கப் பாடத்தை அடியொற்றுவதால் அங்கே தமிழிலும் 'கவலைகள்' என்றே இருக்கிறது. ஒரே எபிரேயச் சொல், ஒரே தமிழ் விவிலியத்தின் இரு ஏற்பாடுகளில் இரு பொருளோடு வாழ்கிறது. கொடுத்தல் என்னும் வேரோடு இணைத்து, 'உனக்கு அளிக்கப்பட்ட பங்கு' என்று கொள்வோரும் உண்டு. மூன்றுமே அந்த வரியில் பொருந்துகின்றன. சூழல் ஒரு சொல்லுக்கு எல்லை போடலாம், ஆனால் அந்த எல்லைக்குள் பல பொருள்கள் நிற்க இடமிருக்கிறது.

வாழும் பேச்சிலிருந்து வளர்ந்த முறையை 10ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் சாதியா காவோன் நூலாக்கினார். ஒருமுறைச் சொற்களுக்கென்றே அரபு மொழியில் அவர் எழுதிய சிறு நூல், மிஷ்னாவின் எபிரேயத்தில் பயிலும் சொற்களைக் கொண்டு விவிலியத்தின் பயிலாச் சொற்களுக்கு விளக்கம் தருகிறது. தொல்காப்பிய உரியியலும் பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்திப் பொருள் உரைக்கச் சொல்கிறது. பழைய நூல்களைப் பின்னோர் கற்கும் இடங்களிலெல்லாம் இந்தத் தேவை எழுவது இயல்பு. சாதியா காவோனுக்கு இன்னொரு நோக்கமும் இருந்தது. வாய்வழி மரபைத் தள்ளிய காராயியரோடு அவர் வாதிட்டுக்கொண்டிருந்தார். அந்த மரபின் மொழி இல்லாமல் எழுதப்பட்ட நூலையே படிக்க முடியாது என்று காட்ட இச்சொற்கள் அவருக்கு உதவின. சொல்லாய்வு சார்பற்ற ஆய்வாக எப்போதும் நடந்ததில்லை.

3. உறவுமொழிகளின் கொடையும் மயக்கமும்

அரபையும் அராமேயத்தையும் கொண்டு எபிரேயத்தை விளக்குவது இடைக்காலத்திலேயே வளர்ந்த கலை. 19ஆம் நூற்றாண்டில் அக்காதியம் படிக்கப்பட்டதும், 1929இல் சிரியக் கடற்கரையில் உகாரித்து நகரம் அகழப்பட்டு அடுத்த ஆண்டே அதன் எழுத்து வாசிக்கப்பட்டதும் இந்தக் கலைக்குப் புதுவலிமை தந்தன. எபிரேய விவிலியத்துக்கு முற்பட்ட காலத்தின் நெருங்கிய உறவுமொழி ஒன்று களிமண் பலகைகளில் கிடைத்தது.

ஆமோஸ் நூலின் முதல் வசனம் நல்ல எடுத்துக்காட்டு. அவர் தெக்கோவாவின் 'நோகேத்'களுள் ஒருவர். இச்சொல் இன்னும் ஓர் இடத்தில் மட்டும் வரும். அங்கே மோவாபு மன்னன் மேசா ஒரு நோகேத் (2 அரசர் 3:4). பண்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்களுக்கு இச்சொல் தெரியவில்லை. அரசர் நூலில் ஒலிபெயர்த்து விட்டார்கள். ஆமோசில் 'த'வையும் 'ர'வையும் குழப்பிக்கொண்டு ஓர் ஊர்ப்பெயராகவே ஆக்கினார்கள். உகாரித்துப் பலகைகளில் 'ந்க்த்' என்பது ஒரு தொழிற்பிரிவின் பெயர். அக்காதியத்தில் 'நாகிது' என்றால் மந்தைக்காரர். ஓர் இலட்சம் ஆட்டுக்குட்டிகளைத் திறையாகச் செலுத்திய மேசாவுக்கும் அது பொருந்துகிறது. ஆமோஸ் எளிய ஆட்டிடையர் என்ற சித்திரம் இதனால் ஆட்டம் கண்டது. மந்தை உடையவராகவோ மந்தைகளை மேற்பார்த்தவராகவோ அவர் இருந்திருக்கலாம். இதுவரை சரி. உகாரித்தின் ஒரு குறிப்பில் குருக்களின் தலைவரே நோகேத்களின் தலைவராகவும் இருப்பதைக் கண்டு, ஆமோஸ் கோயில் பணியாளர் என்று சிலர் முடிவுகட்டினார்கள். ஒரு மனிதர் இரு பதவி வகித்ததால் இரு தொழிலும் ஒன்றாகிவிடாது. உறவுமொழி தரும் ஒளி இப்படித்தான் எளிதில் மயக்கமாகிறது.

ஆமோஸ் தம்மைப் பற்றிச் சொல்லும் 7:14இல் 'போலேஸ்' என்றொரு ஒருமுறைச் சொல் உண்டு. காட்டத்திப் பழங்களை அவர் ஏதோ செய்பவர். தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு 'பொறுக்குகிறவன்' என்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்போ கீறுதலைக் குறிக்கும் சொல்லை இடுகிறது. எகிப்தின் காட்டத்தி இரும்பால் கீறிவிட்டால்தான் பழுக்கும், கீறிய நான்காம் நாள் பழுத்துவிடும் என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டில் தியோஃப்ராஸ்டஸ் எழுதியிருக்கிறார். அந்த மரத்தின் மகரந்தத்தைக் கடத்தும் குளவி அங்கே இல்லாததால் காய் தானாக முதிராது. கீறல் பட்டதும் எத்திலீன் வாயு வெளிப்பட்டு விரைந்து கனியும். எகிப்திலும் சைப்ரசிலும் இந்த வேலை அண்மைக் காலம் வரை நடந்ததைத் தாவரவியலார் பதிவு செய்துள்ளனர். அரபிலும் எத்தியோப்பியத்திலும் 'பலஸ்' என்பது அத்திப்பழத்தின் பெயர். அந்தப் பெயர் மட்டும் இருந்திருந்தால் அத்தியோடு தொடர்புடைய ஏதோ தொழில் என்பதற்கு மேல் போயிருக்க முடியாது. கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் எகிப்தில் அமர்ந்து பணி செய்தார்கள். அவர்கள் கண்முன் நடந்த தோட்டவேலைதான் சொல்லை விளக்கியிருக்க வேண்டும். மெலிந்த மொழிச்சான்றைத் தொழில் வழக்கம் தாங்கி நிற்கும் வழக்கு இது.

மறுபக்கத்தில் 1970இல் முற்றுப்பெற்ற புதிய ஆங்கில விவிலியம். அதன் பழைய ஏற்பாட்டுப் பணியில் முதன்மை வகித்த ஆக்ஸ்போர்டு பேராசிரியர் காட்ஃப்ரி டிரைவர், உறவுமொழி ஒப்பீட்டில் ஈடற்றவர். 'த்சானஹ்' என்ற வினை மூன்றே இடங்களில் வருகிறது. யோசுவா 15:18லும் நீதித்தலைவர்கள் 1:14லும் காலேபின் மகள் அக்சா கழுதை மீதிருந்து அதைச் செய்கிறாள். நீதித்தலைவர்கள் 4:21இல் சிசெராவின் நெற்றிப்பொட்டில் அடித்த முளை நிலத்தில் அதைச் செய்கிறது. இறங்குதல் என்று கொண்டால் மூன்றும் பொருந்தும். டிரைவரோ வயிற்றுக்கழிவோடு தொடர்புடைய அக்காதிய வினை ஒன்றைச் சான்றாக்கினார். அந்தப் பதிப்பில், தந்தையிடம் நிலம் கேட்கச் சென்ற அக்சா கழுதை மேல் அமர்ந்து காற்றுப் பிரித்தாள். சிசெராவின் மூளை தரையில் கசிந்தது. 1989இன் திருத்தப் பதிப்பில் அக்சா கழுதையிலிருந்து இறங்கினாள்.

இத்தகைய முயற்சிகளைக் கணக்கெடுத்து ஆராய்ந்தவர் ஜேம்ஸ் பார். 1968இல் வெளிவந்த அவர் நூல் இன்றும் இத்துறையின் கட்டாயப் பாடம். அரபு அகராதி மிகப் பெரிது. எபிரேயத்தின் எந்த மூன்று மெய்களை எடுத்தாலும் அதில் ஏதோ ஒரு பொருள் கிடைத்துவிடும். கிடைப்பதையெல்லாம் ஏற்றால், பேசியவர்களே ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு எபிரேயம் ஒலியொத்த சொற்களால் நிரம்பிவிடும். அதோடு, ஒரே வேர் இரு மொழிகளில் இரு பொருள் பெறுவது அன்றாட நிகழ்ச்சி. எபிரேயத்தில் 'லெஹெம்' ரொட்டி, அரபில் 'லஹ்ம்' இறைச்சி. அரபைக் கொண்டு மட்டும் எபிரேயத்தைப் படித்தால் பெத்லகேம் இறைச்சிக்கடை ஆகும். சொல்லுக்கும் பொருளுக்குமான காரணம் வெளிப்படையாகத் தோன்றுவதில்லை என்ற தொல்காப்பியரின் எச்சரிக்கை இங்கு அப்படியே பொருந்துகிறது. சொற்பிறப்பு, பொருள் தெரிந்த சொல்லின் வரலாற்றை விளக்கும். பொருள் தெரியாத சொல்லுக்கு அது ஒரு முன்மொழிவை மட்டுமே தரும். முடிவை வேறு சான்றுகள் தர வேண்டும்.

4. துக்கி: மயிலா, குரங்கா?

அரசர் முதல் நூல் 10:22 சாலமோனின் தர்சீசுக் கப்பல்களைப் பற்றியது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அவை பொன், வெள்ளி, 'ஷென்ஹப்பிம்', 'கோஃபிம்', 'துக்கிய்யிம்' ஆகியவற்றைக் கொண்டுவந்தன. குறிப்பேடு இரண்டாம் நூல் (9:21) இதையே திரும்பச் சொல்கிறது. ஆகவே துக்கி இருமுறை வந்தாலும் சான்று ஒன்றுதான். முதல் சொல் தந்தம், இரண்டாவது குரங்குகள் என்பதில் கருத்தொற்றுமை உண்டு. மூன்றாவது மயில் என்பதே பரவலான மொழிபெயர்ப்பு, தமிழிலும் மயில்தான்.

1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட ராபர்ட் கால்டுவெல், துக்கி என்பது தமிழின் 'தோகை' என்று கொண்டு, உலகின் எழுத்துப் பதிவுகளில் காணப்படும் மிகப் பழைய திராவிடச் சொல் இதுவே என்று மதிப்பிட்டார். தமிழ் விவிலியத் திருத்தப் பணியிலும் பங்கு பெற்றவர் அவர். மாக்ஸ் முல்லர் போன்றோரும் இக்கருத்தை எடுத்துப் பேசினர். அதன்பின் தமிழில் எழுதப்பட்ட எத்தனையோ நூல்களிலும் மேடைகளிலும் இது ஐயத்துக்கு இடமற்ற உண்மையாக வழங்குகிறது. எனவே சான்றுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பது தமிழ் வாசகருக்குக் கடமையாகிறது.

முதலில் மயில் என்ற பொருளின் பழமை. அரசர் நூலின் கிரேக்க மொழிபெயர்ப்பு, வத்திக்கான் கையெழுத்துப்படியில், இந்த இடத்தில் செதுக்கிய கற்களைச் சொல்கிறது. குறிப்பேட்டின் கிரேக்கப் பாடம் குரங்கோடு நின்றுவிடுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் தந்தத்தையும் எத்தியோப்பியரையும் குரங்குகளையும் எழுதுகிறார். குறிப்பேட்டில் (2 குறி. 12:3) ஒருமுறை மட்டும் வரும் 'சுக்கிய்யிம்' என்ற இனப்பெயராக அவர் இச்சொல்லைப் படித்திருக்கலாம் என்பது ஓர் ஊகம். மயில் தென்படுவது அராமேய மொழிபெயர்ப்பான தர்கூமிலும் சிரியாக்கு மொழிபெயர்ப்பான பெஷித்தாவிலும் ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பிலும். மூன்றுமே சாலமோனுக்கு ஆயிரம் ஆண்டுக்குப் பிற்பட்டவை. அப்போது மயில் ரோமப் பேரரசின் தோட்டங்களில் பழகிய பறவை. தொலைநாட்டு ஆடம்பரப் பொருட்களின் வரிசையில் பொருள் தெரியாத ஓர் உயிரி நின்றால், மயில் என்று ஊகிப்பது அந்நாளில் மிக இயல்பு. மரபு வழியாக வந்த அறிவாகவும் இருக்கலாம். எது என்று பிரித்தறிய வழியில்லை. முந்தைய சாட்சிகள் மயிலை அறியாமல் இருப்பதோ உறுதி.

அடுத்து ஒலி. தோகையின் நெடில் ஓகாரம் எபிரேயத்தில் குறில் உகரமாக, தனிக் ககரம் இரட்டித்த ககரமாக இருக்கிறது. எபிரேய உயிர்க்குறிகள் கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்குப் பின்னரே இடப்பட்டவை என்பதால் உயிரொலியைப் பெரிதாக எண்ண வேண்டாம். மெய் மட்டும் சிக்கலாகவே நிற்கிறது. உயிர்களுக்கிடையே வரும் தனி வல்லினம் தொல்திராவிடத்திலேயே மென்மையாக ஒலித்தது என்று மொழியியலாளர் கொள்கின்றனர். அப்படியானால் எபிரேயர் காதில் 'க்க' விழாது. அவர்களிடம் இருந்த 'கிமெல்' எழுத்து அதைக் குறிக்க ஏற்றதாக இருந்திருக்கும். கடன்சொற்கள் பல வாய் மாறி வருபவை. ஆகையால் இந்த மறுப்பு தீர்மானமானதன்று.

பொருளிலும் ஓர் இடைவெளி. தோகையின் அடிப்படைப் பொருள் பீலி, வால். பறவைக்கு மயில் என்ற பழைய சொல் தனியே இருக்கிறது. சங்கச் செய்யுளில் தோகை ஆகுபெயராகவே மயிலைக் குறிக்கும். ஏற்றுமதியானவை பீலிகள் என்று சொல்லித் தப்பலாம். ஆனால் பக்கத்தில் நிற்பவை உயிருள்ள குரங்குகள்.

இவற்றைவிட எடை கூடிய செய்தி அந்த வசனத்துக்கு வெளியே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் துக்கியின் இந்தியப் பிறப்பு தனியாக நிறுவப்படவில்லை. கோஃப் என்பது சமஸ்கிருதக் 'கபி', ஷென்ஹப்பிமின் பின்பகுதி யானையைக் குறிக்கும் 'இப', ஓஃபீர் நாட்டிலிருந்து வந்த 'அல்முக்' மரம் சந்தனம் என்று நான்கும் ஒன்றையொன்று தாங்கின. பின்னர் மற்ற மூன்றுக்கும் அருகிலிருந்த மொழிகளிலேயே உறவு கிடைத்தது. எகிப்திய மொழியில் 'கிஃப்' குரங்கு. தந்தத்துக்கும் யானைக்கும் எகிப்தியச் சொல்லின் மெய்கள் 'அப்' என்ற வடிவைத் தருகின்றன. அல்முக் உகாரித்துப் பலகைகளிலும் அக்காதியத்திலும் சிரியப் பகுதியின் மரப்பெயராக வருகிறது. குறிப்பேடு நூலே அதை லெபனோனில் வெட்டச் சொல்கிறது. நான்கு கால்களில் மூன்று நகர்ந்தபின் துக்கி தனித்து நிற்கிறது.

அந்த நான்காவதற்கும் எகிப்தில் ஒரு விடை முன்மொழியப்பட்டது. வில்லியம் ஆல்பிரைட், எகிப்தியத்தில் ஒரு வகைக் குரங்கின் பெயரான 'கி' என்பதோடு பெண்பால் முன்னொட்டு சேர்ந்து துக்கி ஆனது என்றார். ஒலியளவில் இது தோகையைவிடச் சிறந்தது என்று சொல்லமாட்டேன். இதுவும் சொற்பிறப்பு ஊகமே. இதன் வலிமை வேறு. பண்டை எகிப்தின் மத்திய அரசுக் காலத்தைச் சேர்ந்த, கப்பல் உடைந்து கரையொதுங்கிய மாலுமியின் கதையில், செங்கடல் தீவின் பாம்பரசன் அவனுக்குப் பரிசுகள் தருகிறான். அவற்றுள் யானைத் தந்தம், வேட்டை நாய்கள், 'கிஃப்' குரங்குகள், 'கி' குரங்குகள் அடுத்தடுத்து வருகின்றன. செங்கடல் வழியே வரும் அரும்பொருட்களின் வாய்பாடு போன்ற அந்த வரிசை, சாலமோனின் சரக்கு வரிசையோடு வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கிறது. ஒரு தனிச்சொல்லின் ஒலியொப்புமையைக் காட்டிலும் ஒரு பட்டியலின் அமைப்பொப்புமை வலிய சான்று.

இந்தியத் தொடர்பு அக்காலத்தில் நடக்க முடியாதது என்று இதற்குப் பொருளில்லை. கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்சேசின் பாடம் செய்த உடலின் மூக்கில் மிளகு இருந்தது. மெகித்தோவில் புதைந்த மனிதர்களின் பற்காரையில், கி.மு. இரண்டாம் ஆயிரத்தைச் சேர்ந்த மஞ்சளின் தடயத்தை அண்மை ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. பொருள் வந்திருக்கிறது, பொருளோடு சொல்லும் வந்திருக்கலாம். ஆனால் வணிகம் நடந்தது என்ற செய்தி, இந்தச் சொல் அந்த வணிகத்தில் வந்தது என்பதற்குச் சான்றாகாது.

என் மதிப்பீடு இது: குரங்குவகை என்ற பொருளுக்குத் தட்டு சற்றுத் தாழ்கிறது, மயில் இன்னும் தட்டிலிருந்து இறக்கப்படவில்லை. தோகைக் கருத்தின் குறை வேறிடத்தில் உள்ளது. துக்கி மயில் என்பதால் அது தோகை, தோகை என்பதால் துக்கி மயில் என்று அது வட்டமடிக்கிறது. மயில் என்ற பொருள் வேறு சான்றால் உறுதியானால்தான் தோகை என்ற பிறப்பைப் பேசவே முடியும். இன்றைய எபிரேயத்தில் 'துக்கி' என்றால் கிளி, மயிலுக்கு வேறு பெயர். வாழும் வழக்கும் இங்கே கைகொடுக்கவில்லை.

தமிழின் கடல்வணிகத் தொன்மை இந்த ஒரு சொல்லை நம்பி நிற்கவில்லை. செங்கடல் துறைமுகமான குசேர் அல்-காதிமில் கிடைத்த பானையோட்டில் தமிழ்-பிராமி எழுத்தில் 'பானை ஒறி' என்று பொறித்திருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். சொல் அது குறிக்கும் பொருளின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது, பிம் எடைக்கல்லைப் போல. காலம், இடம், பொருள், எழுத்து நான்கும் ஓரிடத்தில் கூடும் அத்தகைய சான்றுக்கு நிகராகத் துக்கியை வைத்துப் பேசுவது, வலிய சான்றின் மதிப்பையும் குறைக்கிறது.

5. மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு

ஆய்வாளர் ஐயத்தை ஐயமாகவே விட்டுவிடலாம். மொழிபெயர்ப்பாளருக்கு அந்த வசதியில்லை. வாக்கியத்தில் ஒரு சொல்லை வைத்தாக வேண்டும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இருவகைத் தீர்வும் உண்டு. நோவாவின் பேழைக்கான மரம் தொடக்க நூலில் ஒரே முறை (6:14) வருகிறது. அது 'கொப்பேர்' என்று எபிரேயமாகவே நிற்கிறது. எசாயா 34:14இன் 'லிலித்' சாக்குருவியானது. அக்காதியப் பெண்பேயின் பெயரோடு உள்ள உறவு அதில் மறைந்தது. கொப்பேர் வாசகருக்கு ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் தவறாக எதையும் சொல்வதில்லை. சாக்குருவி தமிழ்ச் செவிக்கு அச்சத்தைச் சரியாகக் கடத்துகிறது, ஆனால் பறவையைப் புகுத்திவிடுகிறது. இரண்டில் ஒன்றையே எங்கும் கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் வாதமன்று. கதை ஓட்டத்தில் வரும் பெயருக்கு ஒலிபெயர்ப்பு போதும். செய்யுளின் உணர்ச்சிக்குப் பொருள்பெயர்ப்பு வேண்டும்.

வேண்டியது அடிக்குறிப்பு. ஆங்கிலத்தில் வழங்கும் புதிய பதிப்புகள் பல, பொருள் உறுதியற்ற எபிரேயச் சொற்களை வசனத்தின் அடியிலேயே அடையாளம் காட்டுகின்றன. பிம்மின் எடையைக் கிராமில் தருகின்றன. தமிழில் அடுத்து வரும் மொழிபெயர்ப்பு 1 அரசர் 10:22இன் அடியில் இவ்வளவு அச்சிட்டால் போதும்: 'எபிரேயம்: துக்கிய்யிம், பொருள் உறுதியில்லை. மயில்கள் அல்லது ஒரு வகைக் குரங்குகள்.' திருப்பாடல் 55இன் 'பாரம்' என்பதன் அடியிலும் கிரேக்கப் பாடத்தின் 'கவலை'யைக் குறித்துவிட்டால், பேதுருவின் திருமுகத்தைப் படிப்பவர் இரண்டும் ஒரே வசனம் என்பதைத் தாமே கண்டுகொள்வார்.